நாக்கில்லாத மணி

அத்தியாயம் 17

அம்மாவின் அலமாரிக்குப் பூட்டு நல்ல பூட்டு. கீல்தான் மட்டம்.

கீலுக்கு இரண்டாக நாலு திருகாணி. மூன்றாவதைக் கழற்றும்போது மணி பத்தேகால். மாலை ஐந்துக்குள் பெரியண்ணன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் செத்துப்போவான். தங்கை ஸ்பேனரின் தலைக்குள் இன்றைக்கு வேறு எதற்கும் இடமில்லை.

போன வாரம் அச்சகத்தில், பிழை திருத்திக்கொண்டிருந்த மேஜையிலேயே அவன் சரிந்து விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தலைக்குள் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. இடது பக்கம், பேச்சு இருக்கிற இடத்தில். எடுத்தால் பிழைப்பான், பேச்சு போகலாம். எடுக்காவிட்டால் முதலில் பேச்சு போகும், பிறகு அவன் போவான். டாக்டர் சொன்னதைக் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு அவன் "வேண்டாம்" என்றான். ஆறு நாளாக அந்த ஒரு சொல்லை விட்டு நகரவில்லை.

அவளுக்கு ஸ்பேனர் என்று பேர் வைத்தது சின்னண்ணன். லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்த முதல் நாள், கிரீஸ் அப்பிய முகத்தோடு அவள் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்து வைத்த பேர். பத்து வருஷத்தில் அம்மாகூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

நாலாவது திருகாணியும் வந்தது. கதவு பூட்டோடு சேர்ந்து கையோடு வந்தது. மேல் தட்டில், மடித்த துண்டுகளுக்குப் பின்னால், அந்தப் பழைய பிஸ்கட் டின் இருந்தது.

டின்னுக்குள் இருப்பது நகையோ பத்திரமோ இல்லை. வெறும் உறைகள்.

இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் தங்கை மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். பெரியண்ணன் கதை சொல்வான். மற்ற இருவரும் கதைக்குள் இருப்பார்கள். "எதிரே ஆறு. பாலம் இல்லை. என்ன செய்கிறீர்கள்?" என்பான் அவன். செய்வதைச் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். கதையில் சின்னண்ணன் ஒரு திருடன். ஸ்பேனர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியக்காரி.

கதையில் அவ்வப்போது மந்திரப் பொருள்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒளிந்திருக்கும் வேலை ஒன்று உண்டு. உள்வேலை என்பார்கள். அதைப் பெரியண்ணன் சொல்ல மாட்டான். பொருளைக் கொடுக்கும் அன்றே அட்டையில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின மடிப்பின்மேல் ஆட்டத்தில் இல்லாத யாரிடமாவது சாட்சிக் கையெழுத்து வாங்கிவிடுவான். ஒரு தடவை அவன் பாதிக் கதையில் உள்வேலையை மாற்றிவிட்டான் என்று சின்னண்ணன் கத்தி, சோற்றுத் தட்டை விசிறி அடித்ததிலிருந்து அந்த வழக்கம். உறைகள் டின்னில் இருக்கும். டின் அம்மாவிடம் இருக்கும். வீட்டில் ஆடாதவள் அவள் ஒருத்திதான். "உங்க பொம்மை விளையாட்டெல்லாம் எனக்குப் புரியாதுப்பா" என்பாள். அதனால் சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களைத்தான் பிடிப்பான்.

ஆறு வருஷத்துக்கு முன் வைத்தியக்காரிக்கு ஒரு மணி கிடைத்தது. உள்ளங்கையில் அடங்கும் வெண்கல மணி. உள்ளே ஆடி அடிக்கும் நாக்கு இல்லை. அதன் உள்வேலையை மட்டும் இன்றுவரை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த உறை இந்த டின்னுக்குள் இருந்தது. கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியில் காட்டினால் பசை இளகிவிடும். ஐந்து நிமிஷ வேலை.

ஸ்பேனர் டின்னைத் திறக்கவே இல்லை. நல்லவள் என்பதால் அல்ல. முந்நூறு பக்கத்தில் இடம் மாறின ஒரு காற்புள்ளியைப் பிடிக்கிறவனிடம், பிரித்து ஒட்டின உறையைக் காட்டி ஜெயிக்க முடியாது. ஜெயித்தே ஆக வேண்டும்.

கழற்றின கதவைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மேலே போனது. பிரேக் தேய்ந்திருக்கிறது. வேறு நாளாக இருந்தால் இறங்கிப் போய் யாரிடமாவது சொல்லியிருப்பாள்.

ஐந்தாம் மாடி வராந்தாவில் டாக்டரம்மா நின்றிருந்தார். நடந்துகொண்டேதான் பேசினார்.

"அஞ்சு மணிக்கு நாளைக்கான பட்டியலை மூடிடுவேன். அவர் பேர் இல்லன்னா அடுத்தவர் பேர் ஏறும். அவரும் யாருக்கோ அண்ணன்தான்."

"அதுக்கப்புறம் டாக்டர்?"

"அடுத்த இடம் மூணு வாரம் கழிச்சு. இவருக்கு மூணு வாரம் இருக்குன்னு நான் சொல்லமாட்டேன்."

"நீங்க இன்னொரு தடவை எடுத்துச் சொன்னா..."

"நாலு தடவை சொல்லியாச்சு. அவர் என் பேச்சைத் திருத்துறார். பேச்சு போக வாய்ப்பு இருக்குன்னு சொன்னா, அது வாய்ப்பு இல்ல, அபாயம்ங்கறார்." டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நல்ல மனுஷன். கையெழுத்து வாங்குங்க."

அறையில் சின்னண்ணன் முக்காலியில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான். மருந்துக் கிடங்கில் வேலை. எங்கே மாத்திரையைப் பார்த்தாலும் எண்ணாமல் இருக்க முடியாது. அம்மா ஜன்னல் பக்கம் நின்று, ஏற்கெனவே மடித்திருந்த துண்டை உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

டின்னைப் பார்த்ததும் அம்மாவின் கை நின்றது.

"அலமாரியைப் பூட்டிட்டுத்தானே வந்தேன்?"

"பூட்டு இன்னும் பூட்டித்தான் இருக்கும்மா."

"கதவு?"

"அது செவுத்துல சாஞ்சிருக்கு."

சின்னண்ணன் களுக்கென்று சிரித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஆஸ்பத்திரியில வந்து பொம்மை விளையாட்டா? எடுத்துட்டுப் போடீ அதை. இப்பவே எடுத்துட்டுப் போ." அம்மாவின் குரல் நடுங்கியது. கோபம் என்றுதான் ஸ்பேனர் நினைத்தாள்.

கட்டிலில் பெரியண்ணன் தலையணையில் சாய்ந்திருந்தான். முகத்தில் ஆறு நாள் தாடி. வலது கை போர்வையின்மேல் யாரோ விட்டுப்போன பொருள்போலக் கிடந்தது.

"வந்துட்டியா. அந்த... அதைக் கொஞ்சம் எடு. தண்ணி குடிக்கிற..."

"டம்ளரா?"

"ஆமா." கண்ணை மூடிக்கொண்டான். "டம்ளர். டம்ளர். டம்ளர்." தொலைந்துவிடக் கூடாது என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தான்.

தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டு, டின்னை அவன் காலடியில் வைத்தாள் ஸ்பேனர்.

"அண்ணா, ஒரு பந்தயம்."

"என்ன?"

"மணியோட உள்வேலையை இன்னைக்குக் கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிச்சா நீ கையெழுத்துப் போடற."

சின்னண்ணன் எழுந்துவிட்டான். "லூசா நீ? அவன் உயிரு என்ன லாட்டரிச் சீட்டா?"

"நீ ஆறு நாளா கெஞ்சிப் பாத்தியே, என்ன ஆச்சு?"

அவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"தோத்தா?" என்று கேட்டான் பெரியண்ணன்.

"தோத்தா அந்தப் படிவத்தை நானே கிழிச்சுக் குப்பையில போடறேன். உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். கடைசி வரைக்கும்."

மேஜையில் கொடுத்த வாக்கைப் பெரியண்ணன் மீறியதே கிடையாது. ஒரு தடவை பந்தயத்தில் தோற்று மீசையை எடுத்துவிட்டு, அடுத்த நாள் ஒரு கல்யாணத்துக்கு அந்த மொட்டை உதட்டோடு போய் நின்றான். மேஜை வாக்கு அவனுக்குக் கோர்ட்டு உத்தரவு மாதிரி. ஸ்பேனர் இன்று நம்பி வந்தது அந்த ஒன்றைத்தான்.

"வேணாம்டா" என்றாள் அம்மா, ஜன்னலோரத்திலிருந்து. மெதுவாக.

அவன் அம்மாவை ரொம்ப நேரம் பார்த்தான். கெஞ்சுகிற பார்வையா, மன்னிப்புக் கேட்கிற பார்வையா என்று ஸ்பேனருக்குப் பிடிபடவில்லை. பிறகு தங்கை பக்கம் திரும்பினான்.

"சரி. மூணு முயற்சி. வழக்கம்போல."

ஒரு பொருளை ஒரு நாளில் மூன்று தடவைதான் சோதிக்கலாம் என்பது அவர்கள் மேஜைச் சட்டம். பார்ப்பதும் கேட்பதும் கணக்கில் வராது. உள்வேலைக்குப் பகடையும் கிடையாது.

"முதல்ல உறையோட ஒட்டைப் பாரு" என்றான் பெரியண்ணன், சின்னண்ணனிடம். "பிரிச்சிருக்காளான்னு."

"என்னைத் திருடின்னு சொல்றியா?"

"திருடன் அவன். அதான் அவன்கிட்டயே பார்க்கச் சொல்றேன்."

சின்னண்ணன் சிரித்துக்கொண்டே டின்னைத் திறந்து, உறைகளைத் தள்ளி, அடியிலிருந்து ஒன்றை உருவினான். "பசை அப்படியே இருக்கு. ஓரம் கிழியல. சாட்சிக் கையெழுத்தும்..."

நிறுத்தினான். உறையை வெளிச்சத்துக்குத் தூக்கினான். ஒரு உறையின் ஒட்டைப் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்ல. சரியா இருக்கு." உறையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அப்புறம் அன்று முழுவதும் அவன் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். ஸ்பேனர் கடிகாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

இரத்த அழுத்தம் பார்க்க ஒருவர், ஊசி போட ஒருவர், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக ஒருவர் என்று ஆஸ்பத்திரி அவர்களை மூன்று மணி வரை விடவில்லை. மூன்று பத்துக்குத்தான் ஆட்டம் தொடங்கியது.

"மூழ்கிப்போன கோபுரத்தின் அடித்தளம்" என்றான் பெரியண்ணன். "முழங்கால் வரை தண்ணீர். போன ஆட்டத்தில் கிணற்றடியில் எடுத்த இரும்பு நாக்கு உன் கையில் இருக்கிறது. மணி உன் இடுப்பில். திருடன் வாசலில் காவல் நிற்கிறான். என்ன செய்கிறாய்?"

கதை சொல்லும்போது மட்டும் அவனுக்கு ஒரு சொல்லும் தட்டவில்லை. அச்சிட்ட பக்கத்தைப் படிப்பதுபோல வந்தது. நாளை இது இருக்காது.

அந்த நாக்கைத் தேடித்தான் ஆறு வருஷம் போயிருந்தது. எத்தனை ஊர், எத்தனை கொல்லர், எத்தனை பொய்யர்கள். போன மாதம்தான் கிடைத்தது.

"நாக்கை மணிக்குள்ள மாட்டறேன். ஆட்டறேன்."

"மாட்ட முடியவில்லை. நாக்கு கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுகிறது. ஒன்று."

"ஏன் மாட்ட முடியல?"

"நீதான் சொல்ல வேண்டும்."

"கொக்கி உடைஞ்சிருக்கா?"

"கொக்கி இல்லை."

"கழண்டு விழுந்துடுச்சா?"

"இல்லை."

அவளுக்குள் ஏதோ உறைத்தது. வேலையில் கேட்பதுபோலக் கேட்டாள். "மேல துளை இருக்கா? ஈயம் பத்தவெச்ச தழும்பு? ஆணி அடிச்ச அடையாளம்?"

"எதுவும் இல்லை. உச்சி வழுவழுப்பாக இருக்கிறது."

ஸ்பேனர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஆறு வருஷம். நாக்கு எங்கே என்று கதையில் வந்த அத்தனை பேரையும் கேட்டாள். நாக்கை மாட்ட இடம் இருக்கிறதா என்று மணியைப் பார்க்கவே இல்லை. பாகம் இல்லாத பொருள் என்றால் ரிப்பேர் என்று முடிவு கட்டிவிடும் மெக்கானிக் புத்தி. இது ரிப்பேர் இல்லை. இப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

"இத்தனை வருஷம் சொல்லாம இருந்தியே, பாவி."

"நீ கேட்கலியே."

மூன்று நாற்பது. கம்பியால் வெளியே தட்டிப் பார்த்தாள். "மரக்கட்டையைத் தட்டின சத்தம். வேறொன்றும் இல்லை. இரண்டு." அவசரப்பட்டு ஒரு முயற்சியை எரித்தாயிற்று என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அதன்பின் முக்கால் மணி நேரம் அவள் மணியை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அறையில் சலைன் சொட்டுவது மட்டும் தெரிந்தது. பெரியண்ணன் தலையணையடியில் இருந்த பகடையை இடது கையால் எடுத்து வலது கையில் வைத்து மூடப் பார்த்தான். பகடை போர்வையில் உருண்டது. மறுபடி எடுத்தான். மறுபடி உருண்டது. சின்னண்ணன் எழுந்து வராந்தாவுக்குப் போய்த் திரும்பி வந்தான். நாலு இருபத்தைந்துக்கு டாக்டரம்மா கதவில் தலையை நீட்டி, ஒன்றும் கேட்காமல் போனார்.

"மணியோட உடம்பைச் சொல்லு" என்றாள் ஸ்பேனர். "ஆரம்பத்துலேருந்து. ஒண்ணு விடாம."

"வெளியே களிம்பு ஏறிப் பச்சையாக இருக்கிறது. உள்ளே பச்சை இல்லை. பளபளப்பாக இருக்கிறது."

இதை ஆறு வருஷமாகச் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும். அவள் கேட்டுவிட்டுக் கடந்துபோயிருக்கிறாள்.

பளபளப்பு. லிஃப்ட் ஓடும் தண்டவாளம் எவ்வளவு பழசானாலும், சக்கரம் உரசுகிற இடம் மட்டும் வெள்ளியாக மின்னும். உரசாத இடம் துருவேறும். எதுவோ போய் வருகிற இடம்தான் மின்னும். இந்த மணிக்குள் நாக்கே கிடையாது. பிறகு என்ன போய் வந்தது?

"விளிம்பு?"

"ஒரே ஒரு இடத்தில் தேய்ந்திருக்கிறது. இரண்டு விரல் அகலம்."

"கல்லுல உரசித் தேஞ்சதா?"

"இல்லை. மிருதுவான எதுவோ பட்டுத் தேய்ந்திருக்கிறது. பல காலமாக."

ஸ்பேனர் தன் விரல் இரண்டைச் சேர்த்துப் பார்த்தாள். பிறகு யோசிக்காமல் அதை வாயருகே கொண்டுபோனாள். அங்கேயே கை நின்றது.

உதடு.

அம்மா துண்டைக் கீழே போட்டுவிட்டாள். குனிந்து எடுக்கவில்லை.

"மூணாவது முயற்சி" என்றாள் ஸ்பேனர். "மணியைத் தலைகீழாப் பிடிக்கிறேன். விளிம்புல வாயை வெச்சு, உள்ள பேசறேன்."

"என்ன பேசுகிறாய்?"

"செத்துத் தொலைச்சிடாதேடா அண்ணா. அதைத்தான் பேசறேன்."

பெரியண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "பிறகு?"

"காதுல வெச்சுக் கேக்கறேன்."

"உன் குரல் கேட்கிறது. நீ சொன்னது அப்படியே. அதற்கு அடியில்... அதுக்கு முன்னாடி... இன்னொரு..." கதைக் குரல் முதல்முறையாகத் தடுமாறியது. கையை ஆட்டினான். "அது. அந்த... கையில இருக்கே, அது..."

"மணி."

"ம். மணி." கண்ணில் நீர் திரண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "கண்டுபிடிச்சுட்டே."

நாலு நாற்பது.

ஸ்பேனர் படிவத்தை எடுத்து, அட்டையில் வைத்து, அவன் இடது கையில் பேனாவைத் திணித்தாள். "போடு."

பேனா தாளைத் தொட்டது. நகரவில்லை.

"அண்ணா, மேஜை வாக்கு."

நகரவில்லை.

"உன்னை அவன் பாக்கல" என்றான் சின்னண்ணன். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை. "அம்மாவைப் பாக்கறான்." சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து, மடிப்பு மேலே தெரியும்படி படிவத்தின்மேல் வைத்தான்.

மடிப்பின் குறுக்கே தேதி. ஆறு வருஷத்துக்கு முந்தியது. அதன் கீழே சாட்சி. பால்காரருக்குக் குறிப்பு எழுதும் அதே பெரிய எழுத்தில், அம்மா என்று இருந்தது.

ஸ்பேனர் உறையைக் கிழித்தாள். அட்டையில் பெரியண்ணனின் சீரான கையெழுத்து.

"பேச்சு போகப்போகிறவன் இதற்குள் பேசி வைக்கலாம். அவன் ஊமையான பிறகு, மணியை வைத்திருப்பவள் அவனுக்காக அதைத் திறப்பாள்."

இரண்டு தடவை படித்தாள். தேதியை மறுபடி பார்த்தாள். அந்த வருஷம் வெளியூரில் பிழை திருத்தும் வேலை என்று பத்து நாள் போனான். வந்த ஞாயிற்றுக்கிழமை மணியைக் கொடுத்தான்.

"அப்பவே தெரியுமா உனக்கு?"

ஆமென்று அவன் தலையசைத்தான்.

"உனக்கும்?" அம்மாவைக் கேட்டாள்.

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள். திரும்பாமல் பேசினாள்.

"அப்ப பட்டாணி அளவுதான் இருந்துச்சு. எடுத்துடலாம்னாங்க. உங்கப்பாவும் சின்ன ஆபரேஷன்னுதான் உள்ள போனாரு. செருப்பைக் கழட்டி என் கையில குடுத்துட்டு நடந்து போனாரு. செருப்பு மட்டும்தான் வீட்டுக்கு வந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "நான்தான் இவன்கிட்ட சத்தியம் வாங்கினேன். நான் இருக்கிற வரைக்கும் கத்திக்குச் சம்மதிக்கக் கூடாதுன்னு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும்."

சின்னண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"பேச்சு போயிடும்னு ஆறு நாளா சொன்னியே, அது?" ஸ்பேனர் பெரியண்ணனைக் கேட்டாள்.

"அதுவும்தான்."

கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு. பட்டாணி அளவில் இருந்தபோது எடுத்திருந்தால்! ஆறு வருஷம் ஒரே மேஜையில் சோறு தின்றிருக்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நாற்பத்தெட்டு. கத்துவதற்கு நேரமில்லை.

"சத்தியம் வாங்கினது நீ. நீயே திருப்பி எடுத்துக்க."

"நான் சொல்லி உள்ள போயி, இவனும் வரலன்னா?"

"வரலன்னா அது நம்ம எல்லார் தலையிலயும். உள்ள போகாமலே செத்தான்னா உன் தலையில மட்டும்."

"ஸ்பேனர்!" என்றான் சின்னண்ணன்.

"என்ன ஸ்பேனர்? பன்னெண்டு நிமிஷம் இருக்கு."

அம்மா அசையவில்லை. நாலு ஐம்பது. நாலு ஐம்பத்தொன்று. வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள். ஒரு சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே போனது. அந்தச் சத்தம் தேயும் வரை அம்மா நின்றாள். பிறகு கட்டிலருகே வந்து, மகனின் உயிரில்லாத வலது கையை எடுத்து, தன் உள்ளங்கையில் கவிழ்த்துப் பிடித்தாள். அன்று சத்தியம் வாங்கிய கை அதுதான் போலிருக்கிறது.

"எடுத்துக்கிட்டேன்டா" என்றாள். "போடு."

இடது கையால் போட்டான். கோணல்மாணலாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டதுபோல விழுந்தது. அதையும் திருத்தலாமா என்று ஒரு நொடி பார்த்தான். சின்னண்ணன் தாளைப் பிடுங்கிக்கொண்டு வராந்தாவில் ஓடினான். நாலு ஐம்பத்தைந்து.

ஸ்பேனர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கையில் இன்னும் அந்த அட்டை. உறைக்குள் போடத் திருப்பினாள்.

பின்பக்கமும் எழுதியிருந்தது.

"மணி காலியாக இல்லை. முதலில் பேசியவர் சாட்சி. கேட்க வேண்டியவள் மணியை வைத்திருப்பவள்."

'அதற்கு அடியில் இன்னொரு' என்று அவன் தடுமாறிய இடம் நினைவுக்கு வந்தது.

"அண்ணா, இது என்ன? சத்தியம் தவிர அம்மா வேற என்ன பேசினாங்க?"

பெரியண்ணன் வாயைத் திறந்தான். ஒரு சத்தம் வந்தது. சொல் இல்லை. மறுபடி முயன்றான். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, ஒன்றும் சொல்லாகவில்லை. அவன் கண்ணில் ஏறிய பீதியை ஸ்பேனர் இதுவரை எந்த மனித முகத்திலும் பார்த்ததில்லை. அழைப்பு மணியை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். நர்ஸ் ஓடி வந்தாள். பின்னாலேயே டாக்டரம்மா.

"இன்னைக்கேவா..." என்று தனக்குள் சொன்ன டாக்டரம்மா, கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். "நாளைக்கு முதல் கேஸ் இவர்தான். தள்ளி நில்லுங்க எல்லாரும்."

தள்ளி நிற்கும்போதும் பெரியண்ணனின் இடது கை போர்வைக்கு மேலே எழுந்தது. விரல் ஆடிக்கொண்டே அறையில் தேடி, அம்மாவிடம் வந்து நின்றது.

ஸ்பேனர் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"சொல்லும்மா."

"அவன் முழிச்சு வரட்டும். அப்புறம் சொல்றேன்."

"வரலன்னா?"

அம்மா டின்னை எடுத்து நெஞ்சோடு அணைத்து, மூடியை இரண்டு கையாலும் அழுத்தினாள். அழுத்தியபடியே நின்றாள். வீட்டில் அலமாரிக் கதவு கழன்று, பூட்டோடு சுவரில் சாய்ந்திருந்தது. இனி அதை எங்கேயும் பூட்டி வைக்க முடியாது.